மதராஸ் வழக்குகள் வகுப்பறைக்கு வரட்டும்

சட்டக் கல்லூரியில் சேரும் மாணவர் அரசமைப்புச் சட்டப் பாடத்தைத் திறந்த சில வாரங்களிலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார். ஏ.கே.கோபாலன் எதிர் மதராஸ் மாநிலம், 1950. ரமேஷ் தாப்பர் எதிர் மதராஸ் மாநிலம், 1950. மதராஸ் மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன், 1951. மதராஸ் மாநிலம் எதிர் வி.ஜி.ராவ், 1952. அதே ஆண்டில் பொன்னுசாமி எதிர் நாமக்கல் தேர்தல் அதிகாரி. குடிமக்களின் உரிமை என்ன, அரசின் கை எதுவரை நீளலாம் என்று உச்ச நீதிமன்றம் வாய் திறந்த ஆரம்பத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப மதராஸ் அரசின் பெயர் வருகிறது. கைது செய்தது, பத்திரிகைக்குத் தடை போட்டது, சங்கத்தைச் சட்டவிரோதம் என்றது, கல்லூரி இடங்களைப் பங்கிட்டது, வேட்புமனுவைத் தள்ளியது என்று எல்லாமே இங்கு நடந்தவை.

நாட்டின் வேறெந்தப் பகுதிக் குழந்தைக்கும் அரசமைப்பை இவ்வளவு பக்கத்திலிருந்து கற்பிக்க முடியாது. ஆனால், இந்தப் பெயர்களில் எத்தனை ஒரு பத்தாம் வகுப்பு மாணவரின் மனதில் தங்கியிருக்கும்?

அவர் மனதில் தங்கியிருப்பவை வேறு. குடியரசுத் தலைவராகக் குறைந்தபட்ச வயது 35. அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்னது 32-வது பிரிவு. நீதிப்பேராணைகள் ஐந்து வகை. சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறும் புவியியலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, குடிமையியல் அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. பல பள்ளிகளில் அந்தப் பாடம் வரும்போது ஆசிரியருக்கும் அவசரம், மாணவருக்கும் அவசரம். ‘புக் பேக்’ கேள்விகளை முடித்து, ஸ்லிப் டெஸ்ட் வைத்து, ஒரு மதிப்பெண் வினாக்களைக் கோட்டை விடாமல் பார்த்துக்கொண்டால் பாடம் முடிந்தது. ஐந்து நீதிப்பேராணைகளின் பெயரையும் தப்பில்லாமல் எழுதும் பிள்ளைக்கு, செய்தித்தாளில் அடிக்கடி வரும் ‘ஆட்கொணர்வு மனு’வும் அந்த ஐந்தில் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் அதிசயம்.

இதே பாடம் சில ஆண்டுகள் கழித்து ‘இந்திய ஆட்சியியல்’ என்ற பெயரில் அவரிடம் திரும்பி வரும். மாவட்ட மைய நூலகங்களில் காலையிலிருந்து மாலை வரை லட்சுமிகாந்த் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் குரூப் 4 தேர்வர்களைக் கேட்டால், பிரிவு எண்ணைச் சொன்னதும் பொருளைச் சொல்வார்கள், பொருளைச் சொன்னால் திருத்தத்தின் எண்ணையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அரசமைப்பை மிக நுணுக்கமாகப் படித்தவர்கள் இவர்கள்தான் என்றால் மிகையில்லை. அரசு வேலைக்குப் போகும் வழியில் கடக்க வேண்டிய சுங்கச்சாவடியாக அரசமைப்பு ஆகிவிட்டதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. பள்ளியில் அது வேறொன்றாக அறிமுகமாகியிருந்தால், தேர்வுக்கு வெளியேயும் அதற்கு ஒரு வாழ்வு இருந்திருக்கும்.

அரசமைப்புப் பாடத்தை அலுவலகங்கள், பதவிகளின் பட்டியலாக நடத்துவதை விட்டு, வழக்குகளைக் கொண்டு நடத்த வேண்டும். உரிமை என்பது யாரோ ஒருவர் “இது சரியில்லை” என்று எழுந்து நின்ற இடத்தில்தான் உருவம் பெறுகிறது. அந்த ஒருவர் யார், எதற்காக எழுந்தார், எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பதெல்லாம் கதை. கதையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மறப்பதில்லை.

செண்பகம் துரைராஜன் வழக்கை எடுத்துக்கொள்வோம். அன்றைய மதராஸ் மாநிலத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரசாணையின் மொழியில் ‘ஹரிஜனங்கள்’ என்று குறிக்கப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. ஒரு வகுப்பறையில் 14 நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆசிரியர் ஒதுங்கி நின்றால் போதும். முதல் கேள்வி ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்: “சார், அதிக மார்க் வாங்கினவங்களுக்கு இடம் இல்லைன்னா?” இரண்டாவது கேள்வி பின்வரிசையிலிருந்து வரும்: “இந்தக் கணக்கு இல்லாம விட்டிருந்தா அந்த 14-லயும் யார் உட்கார்ந்திருப்பாங்க?” 1950-ல் உயர் நீதிமன்றத்திலும் 1951-ல் உச்ச நீதிமன்றத்திலும் நடந்த வாதத்தின் சாரம் ஏறத்தாழ இந்த இரண்டு கேள்விகள்தான்.

இரண்டு நீதிமன்றங்களும் அரசாணை செல்லாது என்றன. கல்வி நிலையத்தில் சேர்ப்பதற்குச் சாதியையோ மதத்தையோ மட்டுமே காரணமாகக் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்ற 29-வது பிரிவின் உட்பிரிவு அப்போது அவ்வளவு திட்டவட்டமாக இருந்தது. பாடத்தை இங்கே நிறுத்தினால் அரைப் பாடம்தான். தீர்ப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டில் பெரியாரின் தலைமையில் போராட்டம் எழுந்தது. 1951 ஜூனில் முதலாவது திருத்தச் சட்டம் நிறைவேறி, சமூகரீதியிலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) சேர்க்கப்பட்டது. இன்று அதே வகுப்பறையில் உள்ள பலரின் அக்காவோ அண்ணனோ கல்லூரியில் இடம் பெற்றது அந்த உட்பிரிவின் வழியாக. நீதிமன்றம் சொன்னதுதான் கடைசிச் சொல்லா, நாடாளுமன்றம் அதை மாற்றலாமா, தெருவில் இறங்கிப் போராடுவதற்கு இதில் என்ன இடம் என்று மூன்று பெரிய கேள்விகள் ஒரே கதையில் கிடைக்கின்றன. இன்னொரு சுவையான செய்தி: செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பித்தாலும் இடம் கிடைக்காது என்று விசாரித்து அறிந்ததால் நேரே நீதிமன்றம் போனார். பாதிப்பு வருவதற்கு முன்பே ஒருவர் வழக்குப் போடலாமா என்பது சட்டக் கல்லூரிக்குரிய கேள்வி என்று தோன்றலாம். எட்டாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தால் தெரியும், அதற்கும் ஆளுக்கொரு பதில் இருக்கும்.

ரமேஷ் தாப்பர் வழக்கு இதைவிட எளிது. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் நுழையவும் விற்கவும் 1950 மார்ச்சில் அரசு தடை விதித்தது. காரணம் பொது அமைதி. அரசமைப்பின் 19-வது பிரிவில் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அன்று அனுமதிக்கப்பட்ட காரணங்களில் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல் இல்லை. தடை செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, மதராஸிலேயே வழக்கறிஞராக இருந்தவர், பின்னாளில் இந்தியாவின் இரண்டாவது தலைமை நீதிபதி. அடுத்த ஆண்டே அதே முதலாவது திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதைப் பிரிவுக்குள் கொண்டுவந்தது. கூடவே கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. பேச்சுரிமையை நேரு அரசு குறுக்கியதா, தெளிவாக்கியதா என்று இன்றும் அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு அணி ஒன்று ஒரு பக்கமும் இன்னொரு அணி மறுபக்கமும் எடுத்துப் பேச, பட்டிமன்றத்துக்குப் பேர்போன இந்த மண்ணில் வேறு பயிற்சி வேண்டியதில்லை.

அந்த ‘நியாயமான’ என்ற சொல்லுக்கு எப்படி அளவு பார்ப்பது என்பதைச் சொல்ல மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பின் வழக்கு இருக்கிறது. மதராஸ் அரசு அந்தச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று 1950-ல் அறிவித்தது. அதன் பொதுச் செயலாளரான வழக்கறிஞர் வி.ஜி.ராவ் நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், 1952-ல் உச்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தார். சங்கம் அமைக்கும் உரிமையைப் பறிக்கும் அரசு, அதற்கான காரணங்களை ஒரு நீதிமன்றம் சோதித்துப் பார்க்க வழிவிட வேண்டும் என்பதே தீர்ப்பின் மையம். ஏ.கே.கோபாலனுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. தடுப்புக் காவலை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற சட்டப்பிரிவு மட்டும் விழுந்தது. அவர் சிறையிலேயே இருந்தார். ஆனால், 1952-ல் அதே கோபாலன் மக்களவைக்குள் உறுப்பினராக நுழைந்தார். உயிர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய அவருடைய தோற்றுப்போன வாதங்களில் பெரும்பகுதியை 1978-ல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றமும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல ஓர் உதாரணம் கிடைப்பது அரிது.

பிற்காலத்திலும் பஞ்சமில்லை. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தைத் திரையிட்டால் போராட்டம் வெடிக்கும் என்று தமிழ்நாடு அரசு வாதிட்டபோது, போராட்ட மிரட்டலுக்காகக் கருத்துரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்றது உச்ச நீதிமன்றம். ஆண்டு 1989. 15(4) வந்த கதையைக் கேட்டு நிமிர்ந்து உட்காரும் பிள்ளைக்கு இந்த வழக்கையும் சொல்லியாக வேண்டும். தனக்குப் பிடிக்காத படத்துக்கும் திரையரங்கு உண்டு என்பது கசப்பான பாடம், ஆனால் அவசியமானது. ஐந்தாண்டு கழித்து ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடுவதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. தனியுரிமை எங்கே தொடங்குகிறது, பத்திரிகையின் உரிமை எங்கே நிற்கிறது என்று கோடு போட்ட அந்தத் தீர்ப்பு, தனியுரிமையை அடிப்படை உரிமை என்று 2017-ல் அறிவித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வும் எடுத்துப் பார்த்த ஒன்று.

வழக்குகள் எல்லாம் பெரியவர்களுடையவை, பிள்ளைகளுக்கு ஒட்டாது என்பார் உண்டு. அவர்களுக்குக் கேரளத்திலிருந்து ஒரு கதை. 1985-ல் கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் படித்தார்கள். தினமும் காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த அவர்களுடைய நம்பிக்கை அதற்கு இடம்தரவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைச் சட்டமன்றத்தில் எழுப்பினார், விசாரணை நடந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை வந்தது. இருந்தும் மேலிட உத்தரவின் பேரில் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, கீதத்தைப் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நிற்பதே மரியாதைதான், மௌனமாக இருப்பதும் கருத்துரிமைக்குள் வரும் என்று சொல்லி மூவரையும் மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. ஒரு பள்ளியில் ஆயிரம் பேர் பாடும்போது மூன்று பேர் வாய் திறக்காமல் நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, காலைக் கூட்டத்தில் வரிசையில் நின்றிருக்கும் எந்தப் பிள்ளைக்கும் விளக்காமலே புரியும். சிறுபான்மை உரிமை என்று நான்கு பக்கம் எழுதினாலும் புரியாதது அது.

இங்கேதான் பள்ளிக்குச் சங்கடம் தொடங்குகிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 17-வது பிரிவு குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. இவற்றைப் பாடமாக நடத்திவிட்டு, மேசை மீது பிரம்பை வைத்திருக்க முடியாது. குழுக் கூட்டம் நடக்காமலே பதிவேட்டில் கையெழுத்து வாங்கவும் முடியாது. உரிமையைக் கற்ற பிள்ளை முதலில் கேள்வி கேட்கப்போவது பிரதமரையோ முதல்வரையோ அல்ல, தலைமையாசிரியரைத்தான். குடிமையியலை மனப்பாடப் பாடமாகவே வைத்திருப்பதில் பலருக்கும் உள்ள நிம்மதியின் ஒரு காரணம் இது.

“முதலில் கடமையைச் சொல்லிக்கொடுங்கள், உரிமை தானாக வரும்” என்ற குரலும் கேட்கிறது. வரலாறு அப்படி நடக்கவில்லை. உரிமைகள் 1950 முதல் அரசமைப்பில் உள்ளவை. அடிப்படைக் கடமைகள் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் நுழைந்தவை. உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நாள்களில்தான் கடமைகளின் பட்டியல் எழுதப்பட்டது என்பதை மாணவர் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அதே வேளையில் அந்தப் பட்டியலை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பதும் உண்மை. அறிவியல் மனப்பான்மையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வும் வளர்ப்பது அதில் ஒரு கடமை. கேள்வி கேட்கும் மாணவரை உட்கார வைக்கும் ஆசிரியர், கண்டிப்பாகச் சொன்னால், அவருடைய கடமையைச் செய்யவிடாமல் தடுக்கிறார்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கங்களில் தீண்டாமையைப் பாவம் என்றும் பெருங்குற்றம் என்றும் மனிதத்தன்மைக்கு எதிரானது என்றும் கண்டிக்கும் மூன்று வாக்கியங்கள் தலைமுறைகளாக அச்சாகி வருகின்றன. கணக்குப் புத்தகத்திலும் உண்டு, அறிவியல் புத்தகத்திலும் உண்டு. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு பிள்ளையும் பாடத்துக்குப் போகிறது. அதே பிள்ளைகளில் சிலர் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதால் 2019-லேயே கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டிவந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளையும் நெற்றித் திலகத்தையும் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது என்று பரிந்துரைகள் நீண்டன. விவாதமும் நடந்தது, பெரும்பாலும் நெற்றித் திலகத்தைச் சுற்றியே.

17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று ஒரு வரி. அதன் அருகில் மேலவளவை வைக்காவிட்டால் அது வெறும் வரி. 73-வது திருத்தம் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கியது. மதுரை மாவட்டத்து மேலவளவில் தலைவர் பதவி அப்படி ஒதுக்கப்பட்டது. போட்டியிட்டு வென்ற முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. 2006-ல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்று நீடித்தார்கள். காகிதத்தில் இருக்கும் ஒரு பிரிவு ஊருக்குள் வந்து சேர என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது, யார் கொடுத்தார்கள் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மறைக்க வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்தில் அது அவருடைய தாத்தா பாட்டிக்கு நேரில் தெரிந்த செய்தி. வகுப்பறைதான் பேசாமல் இருக்கிறது.

பேசத் தொடங்கினால் சர்ச்சை வரும். வரட்டும். 2012-ல் பதினொன்றாம் வகுப்புக்கான என்சிஇஆர்டி அரசியல் அறிவியல் புத்தகத்தில், கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் வரைந்த ஒரு கேலிச்சித்திரம் பெரும் புயலைக் கிளப்பியது. நத்தை மேல் அம்பேத்கர், சாட்டையுடன் நேரு. தொல்.திருமாவளவன் அதை மக்களவையில் எழுப்பினார். அரசு படத்தை நீக்குவதாக அறிவிக்க, புத்தகத்தின் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் பதவி விலகினார்கள். சில வாரங்களில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே.லட்சுமணின் சித்திரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது. அதில் கருணாநிதியும் ஜெயலலிதாவும் ஒரே பக்கம் நின்றார்கள், ஆண்டுக்கொரு முறைகூட நடக்காத அதிசயம். தலித் மாணவர் ஒருவர் அந்த நத்தைச் சித்திரத்தைச் சக மாணவர்களின் சிரிப்புக்கு நடுவே பார்க்க நேர்வதன் வலியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சித்திரம் வரையப்பட்ட காலத்தைச் சொல்லி, அரசமைப்பு எழுத ஏன் அத்தனை காலம் ஆனது என்று விளக்கத்தான் அதைப் புத்தகத்தில் வைத்தார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருந்தால் அதுவே அருமையான அரசமைப்பு வகுப்பாக இருந்திருக்கும். நீக்கியதில் பேச்சும் சேர்ந்து நீங்கிவிட்டது.

நீக்குவது பின்னர் வழக்கமாகவே ஆகிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று 2020 ஜூலையில் சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்பில் அந்த ஆண்டுக்குக் கைவைத்த பாடங்களில் கூட்டாட்சி, குடியுரிமை, மதச்சார்பின்மை ஆகியவை இருந்தன. சுமையைக் குறைக்க நினைத்தவர்களுக்கு இவைதான் கனமாகத் தெரிந்திருக்கின்றன. பிறகு என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஜனநாயகமும் பன்முகத்தன்மையும், மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும், ஜனநாயகத்தின் சவால்கள் ஆகிய பாடங்கள் போயின. தமிழ்நாடும் இந்த விஷயத்தில் சுத்தம் இல்லை. 2011-ல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வியை நிறுத்திவைக்கச் சட்டத்திருத்தம் வந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது, அரசு மேல்முறையீடு போனது, ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் பத்து நாளில் அமல்படுத்தச் சொன்னது. அதுவரை பிள்ளைகள் புத்தகமில்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள். சட்டமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் மூன்றும் தங்கள் புத்தகப்பைக்காக மோதிக்கொண்ட அந்த இரண்டு மாதத்தில் எந்த ஆசிரியராவது அதை வகுப்பில் விளக்கியிருந்தால், அதிகாரப் பகிர்வு பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பாடமே வேண்டியிருக்காது.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தின் கொல்லம் மாவட்டம் வீடு வீடாக, தொழிலிடம் தொழிலிடமாக அரசமைப்பு வகுப்புகள் நடத்தி, நாட்டிலேயே அரசமைப்பு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று 2023 ஜனவரியில் அறிவித்துக்கொண்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கற்பிப்பது திட்டம். கற்பித்த தன்னார்வலர்களுக்குச் ‘செனட்டர்’ என்று பெயர். இப்படி அறிவிப்பதில் கொஞ்சம் விழாத்தன்மை இருக்கத்தான் செய்யும். ஆனால், இதை முன்னின்று நடத்தியதில் உள்ளாட்சிக்குப் பெரும் பங்கு இருந்தது கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியைப் பள்ளியோடு இணைக்கத் தனித் திட்டம்கூட வேண்டாம், நாள்காட்டியே இணைத்து வைத்திருக்கிறது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிக்கும் வேளையில், அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர்கள் உறுப்பினர்கள், தீர்மானம் போடலாம், வரவு செலவுக் கணக்கு கேட்கலாம். பள்ளியில் குடியரசு தினப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை, அடுத்த தெருவில் நடக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஆசிரியர் ஒரு மணி நேரம் அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தால், எத்தனை பேர் வந்தார்கள், பெண்கள் பேசினார்களா, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று குறிப்பெடுத்துவரச் சொன்னால், செலவு ஒரு ரூபாய் ஆகாது.

தகவல் உரிமைச் சட்டத்துக்கும் அப்படியே. காந்திக்கு ‘தேசத் தந்தை’ என்ற பட்டம் எந்த அரசாணையின் மூலம் வழங்கப்பட்டது என்று 2012-ல் லக்னோவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி ஒருவர் பிரதமர் அலுவலகத்துக்கு மனுப் போட்டார். மனு உள்துறைக்குப் போய், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்ற பதிலோடு வந்தது. அவர் விடவில்லை. பட்டத்தை முறையாக அறிவிக்கும்படி மேலும் எழுதினார். கல்வி, ராணுவத் தகுதிகள் தவிர்த்த பட்டங்களை அரசு வழங்க 18-வது பிரிவு அனுமதிக்கவில்லை என்று கடைசியில் உள்துறை பதில் சொன்னது. 18-வது பிரிவை மனப்பாடம் செய்த லட்சக்கணக்கானோரில் அதைப் பயன்படுத்தவைத்தவர் ஒரு பத்து வயதுப் பிள்ளை.

இனி நடைமுறை. ஆசிரியர்களிடம் பேசினால் முதலில் வரும் பதில் பயம்தான். அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். அரசியல் பேசினார் என்று ஒரு பெற்றோர் புகார் எழுதினால் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். ஆகவே, தீர்ப்புகளையும் சட்டத்திருத்தங்களையும் வகுப்பில் விவாதிப்பது பாடத்தின் பகுதி, அரசியல் நடவடிக்கை அல்ல என்று பள்ளிக்கல்வித் துறை எழுத்தில் சொல்ல வேண்டும். அடுத்து, கையில் பொருள் வேண்டும். இருபது வழக்குகளை, இரு தரப்பு வாதங்களுடன், எளிய தமிழில், ஒவ்வொன்றும் நான்கு பக்கத்துக்குள் எழுதிக் கொடுப்பது ஒரு கோடை விடுமுறை வேலை. சட்டக் கல்லூரி மாணவர்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களும் இதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, கூப்பிட்டால் வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது. வினாத்தாளில் இல்லாததை நடத்தச் சொன்னால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் சலிப்புதான் மிஞ்சும். சமூக அறிவியல் வினாத்தாளில் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியை இதற்கு ஒதுக்கலாம். கேள்வி இப்படி இருக்கலாம்: மாணவர் ஒருவர் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவந்தார். தலைமையாசிரியர் அதைப் பறிமுதல் செய்து, அதில் இருந்த படங்களையும் செய்திகளையும் மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் திறந்து பார்த்தார். மாணவரின் எந்த உரிமை பாதிக்கப்பட்டது? தலைமையாசிரியர் தன் தரப்பில் என்ன சொல்லலாம்? நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள், ஏன்? இதற்கு விடைக்குறிப்பு தயாரிப்பது கடினம் என்று தேர்வுத் துறை சொல்லும். மாணவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது, ‘ஏன்’ என்பதற்கு மூன்று, எதிர்த்தரப்பை நியாயமாகச் சொன்னதற்கு இரண்டு என்று குறிப்பில் எழுதிவிடலாம்.